பட்டனை மதிக்காத சைலன்சர்: மாற்றுவதற்கு முன் வேக்குவத்தைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது எட்டு வருடம் பழைய, இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின். பின்னால் இரண்டு பக்கமும் சைலன்சர், இரண்டிலும் வால்வு. டாஷ்போர்டில் உள்ள பட்டனை அழுத்தினால் சத்தம் கூடும், மறுபடி அழுத்தினால் அடங்கும். சில மாதங்களாக, அடங்கிய நிலையில் வைத்து ஓட்டினாலும் நீளமான மேட்டில் ஏறும்போது சத்தம் மெல்ல மெல்லப் பெரிதாகிவிடுகிறது. 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் காருக்குள் காதை அடைக்கிற மாதிரி ஒரு ரீங்காரம். மேடு முடிந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தானாகவே அடங்கிவிடுகிறது. சமதளத்தில் பட்டன் ஒழுங்காக வேலை செய்கிறது. இடது பக்கக் குழாயின் வாய், வலது பக்கத்தை விடக் கறுத்திருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. மெக்கானிக் இரண்டு சைலன்சரையும் மாற்றச் சொல்கிறார். நண்பரோ, வால்வுக்குப் போகிற ஹோஸைக் கழற்றிவிட்டு அப்படியே ஓட்டு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஆலோசனை: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் தள்ளி வையுங்கள். பட்டனை அழுத்தினோம், வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதாமல், எந்த இடத்தில் எப்படிச் சத்தம் மாறுகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி நோய் அதிலேயே பிடிபட்டுவிடுகிறது. மேட்டில் மெல்ல ஏறும் சத்தம், காலை எடுத்ததும் அடங்கும் சத்தம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் சைலன்சர் மேல் போகவில்லை. அதற்கு வெகு முன்னால் இருக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொருள் மேல் போகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

உங்கள் காரில் வால்வைத் திறந்து மூடுவது மோட்டார் இல்லை, வேக்குவம், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவிசை. நண்பர் ஹோஸைப் பற்றிப் பேசுவதிலிருந்தே அது தெரிகிறது. சைலன்சருக்குள் போகும் குழாயில் ஒரு வட்டத் தகடு, அதன் நடுவே ஒரு தண்டு, தண்டின் வெளிமுனையில் ஒரு லீவர். அந்த லீவரை இழுப்பது, உள்ளே டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு உள்ள ஒரு சின்ன டப்பா. இந்த வகை கார்கள் பலவற்றில், டப்பாவுக்குள் வேக்குவம் வந்தால் தகடு மூடும், புகை சைலன்சரின் நீண்ட பாதை வழியாகச் சுற்றிப் போகும், சத்தம் அடங்கும். வேக்குவம் போய்விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகட்டைத் திறந்துவிடும். எதுவும் வேலை செய்யாவிட்டால் வால்வு திறந்த நிலையில் நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். புகை போகும் வழி அடைபட்டு இன்ஜின் திணறுவதை விடச் சத்தமாக ஓடுவது மேல். அமெரிக்காவில் சி6 தலைமுறை கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்த பலர், எப்போதும் முழுச் சத்தம் கேட்க வேண்டும் என்று வால்வுக்கான ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். கரன்ட் நின்றால் வேக்குவம் வால்வுக்குப் போகாது, வால்வு திறந்தபடியே நிற்கும். அவர்கள் வேண்டுமென்று செய்தது உங்கள் காரில் மேட்டுக்கு மேடு தானாக நடக்கிறது.

அந்த வேக்குவம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்துதான், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயிலிருந்துதான், எடுப்பார்கள். ஐட்லிங்கில் நல்ல இன்ஜின் மெர்க்குரி அளவில் 18 முதல் 22 அங்குலம் வரை வேக்குவம் தரும். ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் இறங்கும்போது அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் மேட்டில் காலை அழுத்தி மிதித்தால் காற்று நுழையும் வாயிலான த்ராட்டில் விரியத் திறந்துவிடும், மேனிஃபோல்டில் வேக்குவம் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்திலும் வால்வு மூடியே இருக்க வேண்டும் என்றால் எங்கேயாவது கொஞ்சம் வேக்குவத்தைச் சேமித்து வைத்தாக வேண்டும். அதற்காக ஒரு பிளாஸ்டிக் டேங்க் இருக்கும், ஒரு கைப்பிடி அளவில், உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ. அந்த டேங்க்குக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு செக் வால்வு. டேங்க்கிலிருந்து இன்ஜின் பக்கம் காற்று போகலாம், திரும்பி வரக் கூடாது. சைக்கிள் டியூப் வால்வு செய்யும் அதே ஒருவழி வேலைதான்.

செக் வால்வு பழுதானால் என்ன ஆகும்? சமதளத்தில் ஒன்றுமே தெரியாது, இன்ஜின் ஓயாமல் வேக்குவம் கொடுத்துக்கொண்டே இருக்கிறதே. மேட்டில் மிதித்ததும் மேனிஃபோல்டிலிருந்து காற்று பின்வாங்கி டேங்க்குக்குள் கசியும், சேமிப்பு கரையும், ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாகத் தகட்டைத் திறக்கும். காலை எடுத்ததும் வேக்குவம் மறுபடி நிறையும், தகடு மூடும். நீங்கள் எழுதியிருப்பதும் இதேதான். மெக்கானிக் சொன்னபடி இரண்டு சைலன்சரையும் புதிதாகப் போட்டால், புது சைலன்சரும் அதே மேட்டில் இதேபோலத்தான் சத்தம் போடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் அடங்கிய நிலையில் இருந்தாலும் அதிக ஆர்பிஎம்மில், அதிக லோடில் கம்ப்யூட்டரே வால்வைத் திறந்துவிடும். அது கோளாறு இல்லை. அதற்கும் உங்கள் காரில் நடப்பதற்கும் வித்தியாசம் காதுக்கே தெரியும். கம்ப்யூட்டர் திறந்தால் ஒரு நொடியில் பளிச்சென்று சத்தம் மாறும், அதுவும் இன்ஜின் வேகம் ஏறிய பிறகு. உங்களுக்கு 2,000 ஆர்பிஎம்மிலேயே, மெல்ல மெல்ல மாறுகிறது. அது கசிவின் குணம்.

அந்த ரீங்காரத்துக்கும் காரணம் உண்டு. நான்கு ஸ்ட்ரோக் ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று முறை பற்றும். 2,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 100 முறை, அதாவது 100 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அதில் பாதி 1.7 மீட்டர். சின்ன கேபினின் உள்நீளத்துக்கு அது நெருக்கமாக வந்துவிடுவதால் கேபினே சேர்ந்து அதிரத் தொடங்கும். வால்வு மூடியிருக்கும்போது சைலன்சர் முதலில் அமுக்குவது இந்த அடித்தொனியைத்தான். எனவே ரீங்காரம் தனி நோய் இல்லை, அதற்கென்று கதவு ரப்பர், இன்ஜின் மவுன்ட் என்று தேடிப் போக வேண்டாம்.

சரி, சோதனைக்கு வருவோம். முதலில் சோதிக்க வேண்டியது பிரேக். பல கார்களில், பெடலை மிதிக்க உதவி செய்யும் பிரேக் பூஸ்டரும் அதே மேனிஃபோல்டிலிருந்துதான் வேக்குவம் எடுக்கிறது, அதற்குத் தனி செக் வால்வு இருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடல் கல் மாதிரி ஆகும்வரை நான்கைந்து முறை மிதியுங்கள். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் சைலன்சர் விஷயத்தை மறந்துவிட்டு, காரை ஓட்டாமல் நேராக பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐட்லிங் நடுங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். வேக்குவம் பெரிய அளவில் கசிந்தால் இன்ஜினுக்குள் கணக்கில் வராத காற்று போகும், ஸ்கேனரில் பி0171 அல்லது பி0174 என்று பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்ததற்கான பழுதுக் குறியீடு வரும். விளக்கு எரியாவிட்டாலும் அந்தக் குறியீடு பென்டிங்கில், அதாவது இன்னும் உறுதியாகாத நிலையில், உட்கார்ந்திருக்கலாம், ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுவது நல்லது.

பிரேக் சரியாக இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இரண்டு பேர் வேண்டும். காரைச் சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓடவிட்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது, கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். வெறும் ஜாக்கியில் தூக்கிய காருக்கு அடியில் யாரும் படுக்கவும் கூடாது. லீவர் பல கார்களில் பின் பம்பருக்குக் கீழே குனிந்து டார்ச் அடித்தாலே தெரியும். தெரியவில்லை என்றால் லிஃப்ட் உள்ள இடத்தில் செய்யுங்கள்.

இன்ஜின் ஐட்லிங்கில் ஓடட்டும், பட்டன் அடங்கிய நிலையில் இருக்கட்டும். ஒருவர் லீவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அது டப்பாவை நோக்கி இழுபட்டு நிற்கும். இன்னொருவர் செக் வால்வின் இன்ஜின் பக்கத்து ஹோஸை மட்டும் செக் வால்விலிருந்து உருவி, அந்த ஹோஸின் வாயை உடனே கட்டைவிரலால் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் தடுமாறும். இப்போது செக் வால்வின் இன்ஜின் பக்கம் வெளிக்காற்றில் திறந்திருக்கிறது, அதாவது மேட்டில் முழுதாக மிதிக்கும்போது இருக்கும் அதே நிலை. லீவர் அசையாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் டேங்க்கும் செக் வால்வும் நலம். சில நொடிகளில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் கசிவு உறுதி. அது செக் வால்விலா, அதற்குப் பின்னாலா என்று தெரிய, ஹோஸை மறுபடி மாட்டி லீவர் இழுபட்டதும், இதையே இன்னொரு முறை செய்யுங்கள். இந்த முறை ஹோஸை மட்டுமில்லாமல் செக் வால்வின் திறந்த வாயையும் விரலால் இறுக்கி மூடுங்கள். லீவர் நின்றுவிட்டால் குற்றவாளி செக் வால்வு. மூடிய பிறகும் வழுக்கினால் டேங்க், ஹோஸ், சோலனாய்டு (பட்டனுக்கு ஏற்ப வேக்குவத்தை விட்டு நிறுத்தும் மின் வால்வு), டயஃப்ரம் இவற்றில் ஒன்று.

செக் வால்வு என்றால் அதிர்ஷ்டம்தான், ஒரு சின்னப் பொருளோடு வேலை முடிந்தது. மாட்டும்போது திசை முக்கியம். டேங்க் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், இன்ஜின் பக்கத்திலிருந்து ஊதினால் போகக் கூடாது. பழையதையும் கழற்றி இப்படி ஊதிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். துடைத்துவிட்டு ஊதுங்கள், உள்ளே பெட்ரோல் ஆவியும் எண்ணெயும் படிந்திருக்கும்.

செக் வால்வு இல்லை என்றால் பின்னாலிருந்து தேடுவதுதான் சுலபம். கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் ஒன்று, மீட்டருடன் வரும், அதை வாங்கவோ இரவல் பெறவோ செய்யுங்கள். இந்த வேலையில் அதைப் போல உதவும் கருவி வேறு இல்லை. இன்ஜினை நிறுத்தி, சைலன்சர் முழுதாக ஆறிய பிறகு டப்பாவில் உள்ள ஹோஸைக் கழற்றி பம்பை மாட்டுங்கள், 15 அங்குலம் வரை இழுங்கள். முள் ஏறவே இல்லை, அல்லது ஏறி உடனே இறங்குகிறது என்றால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, டப்பாவை மாற்ற வேண்டும். முள் ஏறி நிற்கிறது, லீவர் மட்டும் அசையவில்லை என்றால் தண்டு கரியிலும் துருவிலும் இறுகிவிட்டது. முள்ளும் நிற்கிறது, லீவரும் வழுக்கலாக இழுபடுகிறது என்றால் அந்தப் பக்க வால்வு நன்றாக இருக்கிறது, மேலே போகலாம்.

இதை இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்யுங்கள். இடது குழாய் கறுத்திருப்பதை எழுதியிருந்தீர்களே, அதற்காகச் சொல்கிறேன். எந்தப் பக்கம் கறுப்பு என்பதை வைத்து எந்த வால்வு பழுது என்று முடிவு கட்டாதீர்கள், கரி படிவது சூட்டைப் பொறுத்தும் புகையின் வேகத்தைப் பொறுத்தும் மாறும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதே ஒரு துப்பு, ஒரு பக்கத் தண்டு இறுகத் தொடங்கியிருக்கலாம். இடது லீவர் வலதை விடத் தயங்கித் தயங்கி நகர்ந்தால், செக் வால்வை மாற்றுவதோடு அதையும் கவனித்துவிடுங்கள்.

தயங்கும் தண்டைச் சரிசெய்ய அவசரம் உதவாது. டப்பாவின் கம்பியை லீவரிலிருந்து கழற்றிவிட்டு, தண்டு குழாய்க்குள் நுழையும் இரண்டு முனையிலும் துருவை இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் லீவரைக் கையால் முன்னும் பின்னும் சின்னச் சின்னதாக அசையுங்கள். முதலில் மயிரிழைதான் அசையும், மணல் அரைபடுவது போல விரலில் தெரியும். எண்ணெய் விட்டு அசைக்க அசைக்க அந்த நறநறப்பு குறைந்து, முழு வீச்சுக்கும் தடையில்லாமல் போகும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்ளே தகடு கோணிவிடும், அப்புறம் உண்மையிலேயே சைலன்சர் மாற்ற வேண்டியதுதான். சாதாரண கிரீஸ் எக்காரணம் கொண்டும் வேண்டாம், அது சூட்டில் கருகி மறுபடி கரியாகும். நிக்கல் கலந்த, 1,000 டிகிரிக்கு மேல் தாங்கும் ஆன்டி-சீஸ் (இறுகாமல் காக்கும்) பசை கொஞ்சம் போதும்.

மீதி இருப்பது சோலனாய்டும் ஹோஸும். சோலனாய்டில் மூன்று வாய் இருக்கும்: வேக்குவம் வரும் வழி, டப்பாவுக்குப் போகும் வழி, வெளிக்காற்றுக்கு ஒரு சின்ன ஃபில்டர். உங்களுக்குச் சமதளத்தில் பட்டன் வேலை செய்வதால் மின்சாரம் வருகிறது, கம்பிச்சுருளும் உயிரோடு இருக்கிறது. ஆனால் உள்ளே ரப்பர் தேய்ந்து ஃபில்டர் வழியாகக் காற்று உறிஞ்சலாம். சோலனாய்டைத் தவிர்த்துவிட்டு, அதற்கு வரும் ஹோஸையும் போகும் ஹோஸையும் ஒரு ஜாயின்டரால் நேராக இணைத்து முன்பு சொன்ன ஒரு நிமிடச் சோதனையைச் செய்யுங்கள். இப்போது லீவர் நின்றால் சோலனாய்டை மாற்றுங்கள்.

ஹோஸைப் பொறுத்தவரை, சைலன்சருக்கு மேலே போகும் பகுதியையும் வளைவுகளையும் விரலால் மடக்கிப் பாருங்கள். சூட்டில் இறுகிய ரப்பர் மடக்கினதும் மேற்பரப்பில் பாளம் பாளமாக வெடிப்பு காட்டும். டேங்க்கில் ஹோஸ் நுழையும் மூக்கின் அடிப்பகுதி இன்னொரு பலவீனமான இடம். சோப்புத் தண்ணீர் தடவித் தேடாதீர்கள். காற்று வெளியே வந்தால்தான் நுரை வரும், இங்கே உள்ளே போகிறது. இன்ஜின் ஓடும்போது கசிவைக் கண்டுபிடிக்க பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீயை வரவழைக்கும் வேலை. ஸ்மோக் டெஸ்டர் உள்ள வொர்க்ஷாப் கிடைத்தால் புகை விட்டே இடத்தைக் காட்டிவிடுவார்கள். புது ஹோஸ் வாங்கும்போது வேக்குவத்துக்கென்று உள்ள, சுவர் தடித்ததைக் கேளுங்கள். மெல்லிய சிலிக்கான் ஹோஸ் பார்க்க அழகாக இருக்கும், வேக்குவத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும், வளைவில் இன்னும் மோசம்.

நண்பரின் யோசனைக்கு வருகிறேன். ஹோஸைக் கழற்றி அப்படியே விட்டால், சோலனாய்டு திறக்கும்போதெல்லாம் அந்த வாய் வழியாக இன்ஜினுக்குள் காற்று போகும், கலவை மெலியும். அடைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் வால்வு எப்போதும் திறந்தே கிடக்கும், ரீங்காரம் நிரந்தரமாகும், அசையாத தண்டு ஒரே நிலையில் இறுகிப்போகும். பிறகு மூட நினைத்தாலும் மூடாது. சட்டமும் இருக்கிறது. ஐ.நா. வாகன விதி எண் 51-ஐப் பின்பற்றும் நாடுகளில் காரின் சத்தத்துக்கு உச்சவரம்பு உண்டு. டன்னுக்கு 200 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள, தாழ்ந்த சீட் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு 2016-இல் 75 டெசிபல் என்று தொடங்கி, கட்டம் கட்டமாக 72 வரை இறக்கியிருக்கிறார்கள். வால்வு எப்போது மூட வேண்டும் என்பது அந்த அனுமதியின் பகுதி. வால்வுள்ள சைலன்சரை ரசித்து வாங்கியவர் அதன் பாதி வேலையைக் கழற்றி எறிவது எனக்கு மனசே ஒப்பவில்லை.

வேறு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 2018 மாடல் முஸ்டாங் ஜிடி போல மின் மோட்டாரால் வால்வை இயக்கும் கார்களில் மேலே சொன்ன வேக்குவம் சோதனைகள் பொருந்தாது. அங்கே கனெக்டரில் ஈரம், மோட்டாருக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள ஸ்பிரிங் தேய்வது, தண்டு இறுகி மோட்டார் திணறுவது இவைதான் வழக்கமான பழுதுகள். மோட்டாரைப் பொருத்திய நிலையில் தண்டைக் கையால் திருகாதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் பற்கள் உடையும். பல கார்களில் புது மோட்டார் போட்டால் ஸ்கேனரால் அதற்குத் திறந்த எல்லையையும் மூடிய எல்லையையும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

உங்கள் மெக்கானிக்கைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. சில நேரம் சைலன்சர் மாற்றுவதுதான் ஒரே வழி. தண்டு உட்காரும் புஷ் என்ற வளையம் தேய்ந்து ஐட்லிங்கில் தகடு கடகடவென்று ஆடினால், அல்லது பம்பில் 15 அங்குலம் இழுத்தும் தகடு முழுதாக மூடாமல் கோணலாக நின்றால், வால்வைத் தனியாக விற்காத காரில் சைலன்சரோடுதான் மாற்ற முடியும். எனவே அவரிடம், எதை அளந்து பார்த்துச் சொன்னீர்கள் என்று பணிவாகவே கேளுங்கள். பம்பை மாட்டி லீவரைக் காட்டினால் அவர் சொல்வதைத் தாராளமாகக் கேளுங்கள். அப்படிக் காட்டியும் ஒரு பக்கம்தான் பழுது என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். கேஸ்கெட்டும் கிளாம்ப்பும் மட்டும் கட்டாயம் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையது ஒருமுறை நசுங்கிய பிறகு மறுபடி சரியாக அடைக்காது.